வேலை போனால் எந்த நாட்டில் என்ன கிடைக்கும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு குடும்பத்தை எடுத்தால் ஒருவர் கட்டாரில், ஒருவர் சுவிசில், இன்னொருவர் ஊரிலேயே ஆடைத் தொழிற்சாலையில் என்றிருக்கும். மூவரில் யாருக்கு வேலை போனாலும் கேள்வி ஒன்றுதான், பதில்தான் மூன்று. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்கிறவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். ஆண்டு குறிப்பிடாத தொகைகள் 2025ஆம் ஆண்டுக்குரியவை.

1. இலங்கையில வேல போனா அரசாங்கம் மாசா மாசம் காசு தருமா?

தராது. வேலையின்மைக் காப்புறுதி என்று ஒன்று இலங்கையில் கிடையாது. வேலை போகும்போது கைக்கு வரக்கூடியவை பணிக்கொடை, ஈரிஎஃப் என்னும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியக் காசு, சட்டத்துக்கு மாறாக நிறுத்தியிருந்தால் நட்டஈடு. மூன்றுமே ஒரே தடவையில் தந்து முடிக்கும் காசு.

சர்வதேச தொழில் தாபனம் 1952இல் வகுத்த 102ஆம் இலக்கச் சமவாயம், வேலை இழந்தவருக்குப் பழைய சம்பளத்தின் 45 வீதமாவது, வருடத்தில் 13 வாரமாவது கிடைக்க வேண்டும் என்கிறது. கீழே வரும் நாடுகளை அந்த அளவுகோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. அப்ப மத்த நாடுகள்ல எல்லாரும் ஒரே மாதிரியா குடுக்கிறாங்க?

இல்லை. பெரும்பாலான நாடுகளில் கட்டாயக் காப்புறுதி: சம்பளத்தில் ஒரு துண்டு வெட்டுவார்கள், அல்லது முதலாளி கட்டுவார், வேலை போனால் சம்பளத்தின் ஒரு வீதம் சில மாதங்களுக்கு வரும். ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ், கனடா, ஜப்பான் இந்த வகை. டென்மார்க்கில் காப்புறுதி கட்டாயமில்லை. ‘ஆ-காசெ’ என்னும் நிதியத்தில் நீங்களாகச் சேர்ந்து சந்தா கட்ட வேண்டும். சேராதவருக்கு அந்தப் பணம் இல்லை. புதிதாகப் போனவர்கள் சந்தாவை மிச்சம் பிடிக்கப் பார்த்து மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அவுஸ்திரேலியாவில் காப்புறுதியே இல்லை. வரிப்பணத்திலிருந்து, வீட்டு வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தருகிறார்கள். புதிதாக நிரந்தர வதிவிடம் பெற்றவர் பொதுவாக 4 வருடம் காத்திருக்க வேண்டும். இலங்கையும் வளைகுடாவின் பெரும்பகுதியும் கடைசி வகை: வேலை முடியும்போது முதலாளி ஒரு தொகையைத் தந்து கணக்கை முடிக்கிறார். இந்த வகையில் முதலாளி ஓடிவிட்டால் காசும் ஓடிவிடும். காப்புறுதி வகையில் அப்படி ஆகாது. எங்கள் பார்வையில் இரண்டுக்கும் இடையிலான பெரிய வித்தியாசம் தொகையில் இல்லை, இதில்தான்.

3. ஏழு வருசம் ஒரே இடத்தில நிண்டன். முதலாளி ‘நாளையிலருந்து வராத’ எண்டுட்டாரு. சட்டப்படி எனக்கு என்ன வரும்?

முதலில் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் தொடர்ந்து வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 20,000 × 7 = 140,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். நீங்களாக விலகினாலும் இது உண்டு. கடைசிப் 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளிலாவது அங்கே 15 பேர் வேலை செய்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடமென்றால் தொழில் நியாய சபைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது நட்டஈடு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலை முடிவுறுத்தல் பற்றிய சட்டம் சொல்வது இது: நிறுத்துவதற்கு முன் உங்கள் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்துவது மட்டும் விலக்கு. அப்போதும் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். இரண்டுமில்லாமல் வாயால் ‘வராதே’ என்றால் அந்த நிறுத்தம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. 2005இல் வந்த சூத்திரப்படி முதல் 5 வருடத்துக்கு வருடம் 2.5 மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை வருடம் 2 மாதம், அதற்குமேல் படிப்படியாகக் குறையும். ஏழு வருடத்துக்கு 12.5 + 4 = 16.5 மாதம். 40,000 சம்பளத்துக்கு 660,000 ரூபாய்.

இந்த இரண்டாவது சட்டத்துக்கு வாசல் இரண்டு. முந்திய ஆறு மாதத்தில் சராசரி 15 பேராவது அங்கே இருந்திருக்க வேண்டும், கடைசிப் 12 மாதத்தில் நீங்கள் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். தொழில் அலுவலகத்தில் முறைப்பாட்டை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘முதலாளி கூப்பிடுவார்’ என்று காத்திருந்தே ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். முதலாளி பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தாலும் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

4. என்ட ஈபிஎஃப் காசு கிடக்குதானே, அத எடுத்துச் சமாளிக்கலாமா?

ஈபிஎஃப் என்னும் ஊழியர் சேமலாப நிதியம் முதுமைக்கான சேமிப்பு. உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன் என்றால் நிரந்தர இயலாமை, நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவது, பெண்களுக்குத் திருமணம் போன்ற காரணங்கள் வேண்டும். வேலை போனது ஒரு காரணமாக இல்லை. வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வழி இருக்கிறது. அதற்கு 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் 300,000 ரூபாயும் வேண்டும்.

ஈரிஎஃப் வேறு. முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுவது. வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். சின்னத் தொகைக்காக இன்றைக்கு எடுத்தால், மூன்றாம் வருடம் உண்மையாக நெருக்கடி வரும்போது கதவு பூட்டியிருக்கும்.

சம்பளச் சிட்டையில் 8 வீதம் வெட்டியிருக்கும், நிதியத்துக்குப் போயிருக்காது. இதுவும் நடக்கிறது. ஒரு மாதத்துப் பங்களிப்பை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் முதலாளி தன் கையிலிருந்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். வேலையில் இருக்கும்போதே மீதியைப் பார்த்து வைப்பது நல்லது. கடை மூடிய பிறகு கண்டுபிடித்தால் அலைச்சல்தான்.

5. ‘ராஜினாமாக் கடிதம் எழுதித் தா, காச உடனே தாறன்’ எண்டு சொல்றாங்க. எழுதலாமா?

ஒரு நாட்டின் சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள நேரமிருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக விலகினீர்களா, நிறுத்தினார்களா என்ற ஒரு வரியில்தான் அநேகமாக எல்லா நாட்டிலும் உரிமை தங்கியிருக்கிறது.

இலங்கையில் ராஜினாமா எழுதினால் முன்சொன்ன 16.5 மாதம் போய்விடும், பணிக்கொடை மட்டும் மிஞ்சும். டுபாய் காப்புறுதியில் ராஜினாமாவுக்கு ஒரு திர்ஹமும் இல்லை. கனடாவில் தக்க காரணம் இல்லாமல் விலகினால் இல்லை. ஜெர்மனியில் 12 வாரம் நிறுத்தி வைப்பார்கள். சுவிசில் பாரிய தவறாகக் கருதினால் 31 முதல் 60 நாள் கொடுப்பனவு வெட்டு. ஜப்பானில் 2025 ஏப்ரலிலிருந்து காத்திருப்பு 2 மாதத்திலிருந்து 1 மாதமாகக் குறைந்திருக்கிறது.

கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில், அரபியிலோ ஜெர்மனிலோ இருந்தால் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

6. பாசிக்குடாவில ஹோட்டல் வேல. சீசன் முடிஞ்சா வீட்ட அனுப்பிருவாங்க. அது வேல நிப்பாட்டினதா ஆகுமா?

1971ஆம் ஆண்டுச் சட்டம், தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் நிறுத்தமாகத்தான் பார்க்கிறது. ஆகவே நிரந்தர ஊழியரைச் சம்பளமில்லாமல் வீட்டில் இருத்தினால் கேட்க வழியுண்டு. சிக்கல் 180 நாளில். அறுகம்பே, பாசிக்குடா இரண்டிலும் பருவம் ஏறத்தாழ அரை வருடம். எண்ணிக்கை எல்லையில் தொங்கும். வரவுப் பதிவின் பிரதியோ, மாதா மாதம் வங்கிக்கு வந்த சம்பளக் கணக்கோ உங்களிடம் இருக்க வேண்டும். பருவத்துக்கு மட்டும் என்று திகதி போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வாதம் இன்னும் கடினம்.

7. அஸ்வெசும இரிக்கே, வேல போனா அதுல சேரலாமா?

அஸ்வெசும 2023இல் தொடங்கிய வறுமை நிவாரணம். வீட்டின் நிலையைக் கணக்கெடுத்து நான்கு வகையாகப் பிரித்துத் தருகிறார்கள். 2025இல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500. நேற்று வேலை போனதை அது கவனிக்காது. ஓட்டு வீடும் மோட்டார் சைக்கிளும் உள்ள குடும்பத்தில் சம்பளம் நின்றாலும் கணக்கெடுப்பில் அது வறிய குடும்பமாகத் தெரியாது. அடுத்த தடவை விண்ணப்பம் கோரும்போது பிரதேச செயலகத்தில் பதியலாம், அவ்வளவுதான்.

8. டுபாயில மட்டும் வேல போனா காசு வரும் எண்டுறாங்க. உண்மையா?

காசு வருவது உண்மை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2023 ஜனவரி முதல் கட்டாயக் காப்புறுதி இருக்கிறது, வெளிநாட்டவருக்கும் சேர்த்து. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை என்றால் மாதம் 5 திர்ஹமும் அதற்குரிய வரியும் கட்ட வேண்டும். வேலை போனால் கடைசி ஆறு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியின் 60 வீதம், அதிகபட்சம் 3 மாதம். அடிப்படை 1,200 திர்ஹம் என்றால் மாதம் 720, மொத்தம் 2,160. கட்டியதோ வருடத்துக்கு 60. ‘அடிப்படை’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: கையில் 2,000 வாங்கினாலும் ஒப்பந்தத்தில் அடிப்படை 1,200 என்றிருந்தால் கணக்கு 1,200க்குத்தான்.

விழுகிற இடங்கள் இவை. தொடர்ந்து 12 மாதம் கட்டியிருக்க வேண்டும். வேலை முடிந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒழுங்கு மீறலுக்காக நீக்கப்பட்டிருக்கக் கூடாது. நாட்டை விட்டு வெளியேறினால் கொடுப்பனவு நின்றுவிடும். கம்பனி கையோடு டிக்கட்டைக் கொடுத்து ஏற்றிவிட்டால், கட்டுநாயக்காவில் இறங்கும்போது உரிமை முடிந்திருக்கும். காப்புறுதியே எடுக்காமல் இருந்தால் 400 திர்ஹம் தண்டம். ‘கம்பனி பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டவர்கள் தண்டம் கட்டும்போதுதான் அறிகிறார்கள். எடுக்க வேண்டியது ஊழியரின் பொறுப்பு.

9. கட்டார், சவூதி, குவைத்?

சவூதியில் 2014 முதல் வேலையின்மைக் காப்புறுதி இருக்கிறது, சவூதிப் பிரஜைகளுக்கு மட்டும். வளைகுடாவில் முதலில் தொடங்கியது பஹ்ரைன், 2006இல்.

நம்மவருக்குக் கிடைப்பது வேலை முடிவுப் பணம். கட்டாரில் ஒரு வருடம் முடித்தவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 3 வார அடிப்படைச் சம்பளம். அடிப்படை 1,500 ரியால், நான்கு வருடம் என்றால், நாளுக்கு 50 வைத்து 21 நாள் × 4, அதாவது 4,200 ரியால். சவூதியில் முதல் 5 வருடத்துக்கு அரை மாதம், பிறகு முழு மாதம். ஆனால் நீங்களாக விலகினால் 2 முதல் 5 வருடச் சேவைக்கு மூன்றில் ஒரு பங்குதான். குவைத்தில் முதல் 5 வருடம் 15 நாள், பிறகு ஒரு மாதம். கட்டாரிலும் சவூதியிலும் வழக்கைப் போட ஒரு வருடத்துக்குமேல் இல்லை. ஊருக்கு வந்த பிறகு எடுப்பது மிகக் கடினம்; விசாவை ரத்துச் செய்யும் தாளில் ‘எல்லாக் கணக்கும் தீர்ந்தது’ என்ற வரி இருக்கும். காசு வங்கிக்கு வந்தபின் அதில் கையெழுத்திடுங்கள்.

10. உம்மா வீட்டு வேலைக்குப் போனவ. அவக்கும் இதெல்லாம் இரிக்கா?

டுபாய்க் காப்புறுதியிலிருந்து வீட்டுப் பணியாளர் விலக்கப்பட்டிருக்கிறார்கள். மற்ற நாடுகளிலும் வீட்டு வேலைக்குத் தனிச் சட்டம். குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் முடிவுப் பணம், கட்டாரின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தது 3 வாரம். சவூதியில் 4 வருடம் தொடர்ந்து நின்றால்தான் ஒரு மாதம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய் வருகிறவருக்கு அந்தக் கடைசி விதியால் பயனில்லை.

11. தம்பி கொரியாவில. கம்பனி மூடிட்டாங்களாம். என்ன செய்யணும்?

காசை விட நாளை எண்ணுங்கள். ஈ-9 என்னும் வேலை விசாவில் போனவர் பழைய இடம் முடிந்த ஒரு மாதத்துக்குள் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்து, 3 மாதத்துக்குள் புது வேலை பிடிக்க வேண்டும். தவறினால் விசா போகும். அங்கே வேலையின்மைக் கொடுப்பனவு ஈ-9காரருக்கு விரும்பினால் சேரும் காப்புறுதி, பலர் சேர்வதில்லை. ஆனால் முதலாளி மாதம் 8.3 வீதம் கட்டும் ‘புறப்பாட்டுக் காப்புறுதி’ இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரு வருடம் முடித்திருந்தால், நாட்டை விட்டுப் புறப்பட்டு 14 நாளுக்குள் அது கிடைக்கும். பதினோராவது மாதத்தில் இடம் மாறுவது நட்டம்.

ஜப்பான் இதில் தாராளம். வாரம் 20 மணித்தியாலமாவது, 31 நாளாவது வேலை என்றால் வெளிநாட்டவரும் காப்புறுதிக்குள் வருவர். கம்பனி மூடினால் 6 மாதப் பங்களிப்பே போதும். தினச் சம்பளத்தின் 50 முதல் 80 வீதம். சம்பளம் குறைந்தவருக்கே வீதம் கூட.

12. சுவிசில அண்ணனுக்கு 80 வீதம், மச்சானுக்கு 70 வீதம். ஒரே வேல, ஒரே கம்பனி. ஏன்?

அண்ணனுக்குப் பராமரிக்க வேண்டிய பிள்ளை இருக்கும். சுவிசில் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொறுப்பிருந்தால் 80 வீதம், இல்லாவிட்டால் 70. சம்பளம் மிகக் குறைவாக இருந்தாலும் 80. 5,000 பிராங் சம்பளத்தில் அது 4,000க்கும் 3,500க்கும் உள்ள வித்தியாசம். ஜெர்மனியிலும் இதே யோசனைதான்: கைச் சம்பளத்தின் 60 வீதம், பிள்ளையிருந்தால் 67.

இரண்டு நாட்டிலும் வேலை முடியும் முன்பே தொடங்க வேண்டும். ஜெர்மனியில் வேலை முடிய 3 மாதம் முன், அல்லது செய்தி தெரிந்த 3 நாளுக்குள் பதிய வேண்டும். சுவிசில் முதல் நாளிலிருந்தே வேலை தேடியதற்கு ஆதாரம் கேட்பார்கள். வேலை நிறுத்தும் கடிதம் கிடைத்து முன்னறிவித்தல் ஓடும் மாதங்களில் ஒரு விண்ணப்பமும் போடாமல் இருந்துவிட்டு, பிறகு நாள் வெட்டுக்கு ஆளாவது சகஜம்.

13. லண்டன்ல சம்பளம் கூட எண்டா வேல போனாலும் கூட வருமா?

வராது. பிரித்தானியாவில் தேசியக் காப்புறுதி கட்டியவருக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எல்லாருக்கும் ஒரே தொகை: 25 வயதுக்கு மேல் வாரம் 92.05 பவுண், ஆறு மாதம் மட்டும். 400 பவுண் உழைத்தவருக்கும் 1,500 உழைத்தவருக்கும் அதுவே. நாடு முழுவதுக்குமான கட்டாய வேலையின்மைக் காப்புறுதியை 1911இலேயே கொண்டுவந்த நாடு அது என்பது வேடிக்கைதான்.

கனடாவில் சம்பளத்தின் 55 வீதம், வாரத்துக்கு 695 டொலர் உச்சம். தகுதிக்கு 420 முதல் 700 மணித்தியால வேலை வேண்டும். உங்கள் பகுதியில் வேலையின்மை எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். கடைசி நாளிலிருந்து 4 வாரத்துக்குள் விண்ணப்பியுங்கள். கம்பனியின் வேலைப் பதிவுத்தாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதைப் பிறகும் சேர்க்கலாம்.

14. வேல இல்லாத நேரம் ஊருக்கு வந்து மாமாங்கத் திருவிழாவையும் பாத்துட்டுப் போகலாம்தானே?

இந்தக் காசு ‘நாளைக்கே வேலைக்கு வரத் தயார்’ என்ற வாக்குக்குத் தரப்படுகிறது. கல்லடிப் பாலத்தில் நின்று எடுத்த படம் முகநூலில் இருக்க, சூரிச்சில் வேலை தேடுவதாகப் படிவம் நிரப்பக் கூடாது. சுவிசில் 60 நாள் வேலையின்மைக்கு 5 நாள் விடுப்பு சேரும். ஜெர்மனியில் முன் அனுமதியோடு வருடத்தில் 3 வாரம். கனடாவில் பொதுவாக நாட்டுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்கு இல்லை. நெருங்கிய உறவினரின் மரணச் சடங்கு போன்றவற்றுக்கு 7 நாள் சலுகை உண்டு. சொல்லாமல் வந்து பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டித் தண்டமும் கட்ட வேண்டும்.

15. அங்க இத்தன வருசம் கட்டின காச ஊருக்கு வந்து திருப்பி எடுக்கேலுமா?

வேலையின்மைக் காப்புறுதிக்குக் கட்டியது திரும்பாது. அது ஈபிஎஃப் மாதிரிச் சேமிப்பல்ல. தீ பிடிக்காத கடைக்குத் தீக் காப்புறுதி திரும்பாததுபோல. குழப்பம் வருவது, அதே சம்பளச் சிட்டையில் ஓய்வூதியத்துக்கும் வெட்டுவதால். அதைச் சில நாடுகளில் எடுக்கலாம். ஜப்பானை விட்டு வந்த 2 வருடத்துக்குள் விண்ணப்பித்தால் உண்டு, கொரியாவில் ஈ-9காரருக்கு உண்டு. சுவிசை விட்டு நிரந்தரமாக வந்துவிட்ட இலங்கைப் பிரஜைக்கு, ஒரு வருடமாவது கட்டியிருந்தால் உண்டு.

16. நான் கடலுக்குப் போறவன். எனக்கு முதலாளியே இல்ல. எனக்கு எந்த நாட்டிலயாவது தருவாங்களா?

தருகிற நாடு உண்டு. கனடாவில் சுயமாக மீன்பிடிப்பவருக்குத் தனி விதி: மணித்தியாலத்துக்குப் பதில் பருவத்தில் மீன் விற்ற வருமானத்தைப் பார்க்கிறார்கள். அது குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருந்தால் பருவம் முடிந்தபின் 26 வாரம் வரை கொடுப்பனவு. மீனை வாங்கும் வியாபாரியே முதலாளிபோலப் பங்களிப்பைப் பதிந்து கட்டுகிறார் என்பதுதான் அதன் சூட்சுமம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 இந்திய ரூபாய் நிவாரணம். அது காப்புறுதி அல்ல, வரிப்பணம்.

நம் கரையில் வாடைக்காற்றுக் காலம் வந்தால் தோணிகள் கரையேறும், வருமானம் நிற்கும். அதற்கென்று கொடுப்பனவு எதுவுமில்லை. வயல் கூலிக்கும் ஓட்டோ ஓடுகிறவருக்கும் இதே நிலைதான். கனடா முறையை இங்கே கேட்பதென்றால், வாழைச்சேனையிலோ கல்முனையிலோ யார் யாரிடம் எத்தனை கிலோ மீன் விற்றார் என்ற சிட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.